வரிசையில் அடுத்த ஆள்

அத்தியாயம் பதினேழு

அக்காவும் தங்கையும் பேசி நான்கு வருடம் ஆகிறது என்பது வாரந்தோறும் இந்தத் தொடர்வழி இந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக இவ்வளவுதான்.

பெரியவளுக்குப் பதினேழு வயதில் இரண்டு முறை வலிப்பு வந்தது. அதோடு சரி, பிறகு வரவில்லை. கல்யாணம் நிச்சயமானபோது, இதை மாப்பிள்ளையிடம் தானே சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வைத்திருந்தாள். அதற்கு முந்தைய வியாழக்கிழமையே யாரோ அவர்கள் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்கள். மறைத்து ஏமாற்றப் பார்த்தார்கள் என்று அந்த வீடு கதவைச் சாத்திக்கொண்டது.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவள், அம்மா, தங்கை. போன் போவதற்கு முந்தின நாள்தான் தங்கை, "இதை மறைச்சு வச்சுக் கல்யாணம் பண்றது தப்பு" என்று சண்டை போட்டிருந்தாள். பெரியவள் மூன்றில் தன்னைக் கழித்தாள், அம்மாவைக் கழித்தாள். மீதியை வீட்டைவிட்டு அனுப்பினாள்.

இனி இந்தச் சனிக்கிழமை.

காலை ஏழேகால் மணி. மாதா கோயிலில் தரைக்குப் புதுக் கல் பதிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பெஞ்சுகளை எல்லாம் ஓர் ஓரமாக நகர்த்திப் போட்டிருந்தார்கள். அதனால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சு, வழக்கமாகப் பத்தடி தள்ளி இருப்பது, இன்று அவர் உட்கார்ந்து கேட்கும் கூண்டுக்கு மூன்றடியில் கிடந்தது.

அந்தப் பெஞ்சில் பெரியவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். கையில் நான்காக மடித்த சீட்டு. ஆத்தும சோதனை செய்து, பாவங்களை எண் போட்டு எழுதி வருவது அவள் பழக்கம். ஒன்று, வேலையிடத்தில் எரிந்து விழுந்தது. இரண்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லி ஒரு விசேஷத்துக்குப் போகாமல் இருந்தது. மூன்று, தங்கையோடு பேசாமல் இருப்பது. முதல் இரண்டும் மாதாமாதம் மாறும். மூன்றாவது நான்கு வருடமாக அதே இடத்தில் இருந்தது.

அம்மா உள்ளே போயிருந்தாள்.

அம்மாவுக்கு இரண்டு காதும் மந்தம். பெரியவளின் தொழிலோ காது கேட்கும் கருவி பொருத்துவது. நல்ல கருவியாகப் பார்த்துத் தானே அளவெடுத்துச் செய்து கொடுத்திருந்தாள். ஆனால் கூண்டின் கம்பி வலைக்கு அருகே தலையைக் கொண்டுபோனால் அது விசிலடிக்கும். அதனால் அம்மா அதைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டுதான் முழங்காலிடுவாள். பங்குச் சாமியாருக்கு இது தெரியும். அம்மாவை மட்டும் பூசைக்கு உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார்.

பங்குச் சாமியார் விடுப்பில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்திருந்த இளம் சாமியாருக்கு இது எதுவும் தெரியாது.

"ஆ? என்ன சாமி?" என்றது அம்மாவின் குரல், கோயில் முழுக்கக் கேட்கும்படி. "சொல்றேன் சாமி, சொல்றேன். தெரிஞ்ச சாமிகிட்டச் சொல்ல வெட்கமா இருந்துச்சு. நாலு வருஷமா உள்ளயே வச்சுப் புழுங்கிட்டு இருக்கேன்."

பெரியவள் எழுந்தாள். அடுத்தவர் பாவசங்கீர்த்தனம் காதில் விழுந்தால் விலகிப் போய்விட வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது, சாகும்வரை.

"என் மூத்த பொண்ணுக்கு வந்த சம்பந்தத்தை நான்தான் சாமி கலைச்சேன்."

எழுந்தவளின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"நான்தான் போன் போட்டேன். அவளும் போயிட்டா இந்த வீட்டுல நான் ஒத்தையில கிடக்கணுமேன்னு பயம். அவ தங்கச்சிமேல சந்தேகப்பட்டா. நான் வாயைத் திறக்கல. சின்னவமேல பழி விழட்டும்னு பேசாம இருந்துட்டேன்."

அப்போதுதான் பெரியவளுக்குக் கால் வந்தது. கல் பதிக்காத மண்தரை வழியாக எதிர்ச் சுவர்வரை போனாள். சுவரைப் பார்த்து நின்று, இரண்டு காதையும் உள்ளங்கையால் அடைத்துக்கொண்டாள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"தலைவலியாம்மா?"

"ஆமாங்க" என்றாள். சீட்டில் நான்காவதாக ஒரு பொய் சேர்ந்தது.

அம்மா வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலிட்டுக்கொண்டாள். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த ஆள் பெரியவள்.

முழங்காலிட்டாள். சிலுவை அடையாளம் போட்டாள். சீட்டைப் பிரித்தாள். எழுத்து எதுவும் கண்ணில் படவில்லை.

"ஃபாதர், எனக்கு முன்னாடி இருந்தவங்க பேசினது என் காதுல விழுந்துடுச்சு. எழுந்து போயிருக்கலாம். உடனே போகல."

வலைக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"விழுந்தது அங்கேயே இருக்கட்டும்" என்றது இளம் குரல். ஜலதோஷம் பிடித்திருந்தது. "யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அவங்ககிட்டயே கேட்கவும் கூடாது. என்கிட்டயும் திரும்பச் சொல்ல வேண்டாம்."

"அப்ப ஒண்ணுமே தெரியாத மாதிரி நான் வீட்டுல நடமாடணுமா ஃபாதர்?"

"தெரிஞ்சதை விடுங்க. தெரியாதப்ப நீங்க என்ன செஞ்சீங்க? அதைச் சொல்லத்தானே வந்தீங்க?"

அவள் சீட்டைப் பார்த்தாள். இப்போது எழுத்து தெரிந்தது. மூன்றாவது வரி.

"தங்கச்சியோட நான் பேசறதில்ல. நாலு வருஷமா."

"ஏன்?"

"ஒரு தப்பு செஞ்சான்னு நினைச்சேன்."

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. தானே தன்னைக் கேட்டுக்கொண்டதும் இல்லை. அந்த வியாழக்கிழமை இரவு தங்கையின் துணிப்பெட்டியை வாசல் பக்கம் தள்ளியது நினைவிருந்தது. தள்ளியபோது சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் நினைவிருந்தது. அதில் கேள்வி ஒன்றுகூட இல்லை.

"கேட்கல ஃபாதர்" என்றாள். "நீ செஞ்சியான்னு ஒரு தடவைகூடக் கேட்கல."

"உங்க அபராதம், மூணு அருள்நிறை மரியே ஜெபம். அப்புறம் தங்கச்சியைப் போய்ப் பாருங்க. உத்தம மனஸ்தாப ஜெபம் சொல்லுங்க."

சொன்னாள். நாவுக்குப் பழகிப்போன வரிகள் இன்று இரண்டு இடத்தில் தட்டின.

பத்தரை மணிக்கு அவள் கிளினிக்கில் இருந்தாள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்குக் காது அச்சு எடுக்க வேண்டும். நூல் கட்டிய பஞ்சை முதலில் காதுக்குள் வைத்தாள். பிறகு இளஞ்சிவப்புப் பசையைக் குழலில் நிரப்பி மெதுவாக உள்ளே செலுத்தினாள்.

"அஞ்சு நிமிஷம் வாயை அசைக்கக் கூடாது."

"அது என் வீட்டுக்காரிகிட்டச் சொல்லும்மா" என்றார் அவர், அசைத்துக்கொண்டே. "அவ பேசறது மட்டும் கேட்காத மாதிரி மாடல் ஏதாவது வந்திருக்கா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று அச்சு கோணிவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து எடுத்தாள்.

பதினொன்றேகாலுக்குப் போன் வந்தது. அம்மா.

"எங்கயும் நிக்காம ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துடு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சரிம்மா."

"என்னன்னு கேட்க மாட்டியா?"

"வந்து கேட்டுக்கறேன்."

போனை வைத்தாள். ஆறு மணிக்கு அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று ஊகிக்க முடிந்தது. அம்மா சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும். நாளைக் காலையில் தங்கையிடம் போய், "நீ இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு" என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. சாட்சி கிடைத்த பிறகு போய்க் கேட்கிற மன்னிப்பு என்ன மன்னிப்பு? "ஓ, நிரூபணம் ஆயிடுச்சா, அதான் வந்தியா?" என்று தங்கை ஒரு வார்த்தை கேட்டால் அக்காவிடம் பதில் இருக்காது. அந்த வாசல் அதோடு மூடிவிடும். போவதானால் ஆறு மணிக்கு முன்னால் போக வேண்டும்.

ஆனால் தனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே? கேட்டதை வைத்துக்கொண்டுதானே போகிறோம்? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீட்டில் மூன்றாவது வரியைக் காலை ஆறு மணிக்கே எழுதியாகிவிட்டது, அது உண்மை. அம்மாவின் குரல் காதில் விழாமல் இருந்திருந்தால் இந்தப் பஸ்ஸில் ஏறியிருப்போமா? தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. அதற்காகப் பாதியில் இறங்கிவிடுவது மட்டும் நியாயமாகப் படவில்லை.

தங்கை வேலை செய்தது படத்துக்குச் சட்டம் போடும் கடையில். முதலாளி சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வர மாட்டார். மாடியிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். இதெல்லாம் புதன்கிழமைதோறும் சின்னவளைப் போய்ப் பார்த்துவிட்டு வரும் அம்மா, சுவரிடம் சொல்வதுபோலப் பெரியவள் காதில் போட்டுவைத்த செய்திகள்.

மூன்று மணி. தங்கை கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தாள். மேஜையில் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, சின்னச் சக்கரம் வைத்த வெட்டியால் ஒரே இழுப்பு. நிமிராமலே, "சைஸ் சொல்லுங்க" என்றாள்.

"நான்தான்."

சின்னவள் நிமிர்ந்தாள். முகத்தில் எதுவும் அசையவில்லை. கோடு போட்ட கண்ணாடியை மேஜை விளிம்புக்கு நகர்த்தி ஒரு தட்டு தட்டினாள். டக்கென்று இரண்டாகப் பிரிந்தது.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கா."

"அப்ப நீ எதுக்கு வந்த?"

பஸ்ஸில் மூன்று விதமாகப் பேசிப் பார்த்திருந்தாள். ஒன்றும் கை கொடுக்கவில்லை.

"உன்கிட்ட மன்னிப்புக் கேட்க."

"யாரு, நீயா?" சின்னவள் வெட்டியை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். "இன்னைக்கு என்ன நாள்? சனிக்கிழமை. ஓ! காலையில பாவசங்கீர்த்தனமா?"

"ஆமா."

"சாமியார் போகச் சொன்னாரா?"

"ஆமா."

"அப்படிப் போடு! அபராதம் கழிக்க வந்திருக்க. மூணு அருள்நிறை மரியே, ஒரு தங்கச்சி. மரியேயைச் சொல்லி முடிச்சிட்டியா, இல்ல முதல்ல நானா?"

"முடிச்சிட்டேன்" என்றாள் பெரியவள். கேலிக்கு மறுகேலி செய்ய வரவில்லை. "நீ எவ்வளவு வேணும்னாலும் பேசு. நான் சொல்ல வந்ததை மட்டும் சொல்லிடறேன். அன்னைக்கு உன் பெட்டியை வாசல்ல தள்ளினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். நீ செஞ்சியா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்கல."

"கேட்கலதான்."

"அதுக்குத்தான் வந்தேன்."

"ஊர்ல இருக்கவங்க காதையெல்லாம் சரி பண்ற. நான் அன்னைக்கு மாடிப்படி முழுக்க 'அக்கா, அக்கா'ன்னு கத்திக்கிட்டே இறங்கினேன். அது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

இந்தப் பதிலைச் சின்னவள் எதிர்பார்க்கவில்லை. வெட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப இப்ப கேளு" என்றாள். குரல் கரகரத்தது. "நான் செஞ்சேனா, இல்லையா? கேளேன்."

பெரியவள் வாயைத் திறந்தாள். கேட்கலாம். இல்லை என்று இவள் சொல்வாள். ஆமாம், எனக்கும் தெரியும் என்று கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். தெரியும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கினாள்.

"கேட்கல" என்றாள். "இன்னைக்குக் கேட்டா, நீ இல்லன்னு சொன்னாத்தான் மன்னிப்புக் கேட்பேன்னு ஆயிடும். நீ செஞ்சிருந்தாலும் அந்த மாதிரி உன்னை அனுப்பியிருக்கக் கூடாது. நான் வந்தது அதுக்கு."

சின்னவள் ஒரு பள்ளிக்கூடத்தின் குரூப் போட்டோவை எடுத்தாள். வெட்டிய கண்ணாடியை அதன்மேல் வைத்து, தூசியை ஊதினாள். ஊதிய இடத்திலேயே மறுபடி மறுபடி ஊதினாள்.

"யாருன்னு எனக்குத் தெரியும்க்கா."

பெரியவள் மேஜைக்கு அருகே வந்தாள்.

"அந்த வியாழக்கிழமை நான் வீட்டுலதான் இருந்தேன். போன் பேசினதைப் பார்த்தேன். பெட்டியோட இறங்கறப்பக்கூடச் சொல்லலாமான்னு பார்த்தேன். சொன்னா அப்புறம் உனக்குன்னு யாரு மிஞ்சுவாங்கன்னு யோசிச்சேன். சரி, நானே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொல்லி வச்சாங்க."

பெரியவளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"தள்ளி நில்லு, தள்ளி நில்லு! கண்ணாடிமேல விழுந்தா கறை படியும். மறுபடி துடைக்கணும்." சொன்னவளே துடைக்கிற துணியை எடுத்து நீட்டினாள். "யாருன்னு கேட்க மாட்டியா?"

"மாட்டேன்."

"என்னக்கா ஆச்சு உனக்கு? இதையும் கேட்க மாட்டேங்கற, அதையும் கேட்க மாட்டேங்கற."

"தெரியல. இன்னைக்கு அப்படித்தான் இருக்கேன்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அவசரமாக உள்ளே தள்ளினாள். "இந்தா பாரு, மன்னிச்சிட்டேன்னெல்லாம் இப்ப என் வாயில வராது. நாலு வருஷம். நீ இல்லாம எனக்கு ஒரு ஆபரேஷன்கூட ஆச்சு."

"அம்மா சொன்னா. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் வந்தேன். திரும்பிப் போயிட்டேன்."

"வாசல்வரைக்கும் வந்தியா?"

"நீ உள்ள இருந்த ரெண்டு நாளும்."

"லூசு" என்றாள் தங்கை, மிக மெதுவாக.

அப்போதுதான் பெரியவள் கேட்டாள். "அம்மா ஆறு மணிக்கு வீட்டுல இருக்கச் சொல்லியிருக்கா. என்னவோ சொல்லணுமாம். நீயும் வர்றியா?"

சின்னவளின் கை நின்றது. அக்காவின் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தாள். அந்த முகத்தில் எதுவும் எழுதியிராதபடி பார்த்துக்கொள்வதற்குள் பெரியவளுக்கு வியர்த்துவிட்டது.

"உன்கிட்ட ஏற்கெனவே ஏதாவது சொன்னாளா?"

"என்கிட்ட ஒண்ணும் சொல்லல." ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. "எனக்கு உன் பக்கத்துல உட்காரணும், அவ்வளவுதான்."

சின்னவள் குரூப் போட்டோவின் பின்னால் அட்டையை வைத்து, நான்கு பக்கமும் ஆணி இறக்கி முடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஷட்டரை இழுத்தாள்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா கதவைத் திறந்தாள். பெரியவளைப் பார்த்துப் பேச வாயெடுத்தவள், அவள் தோளுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்ததும் அப்படியே நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சேர்ந்தா வந்தீங்க?"

"ஒரே பஸ்ல" என்றாள் சின்னவள். "டிக்கெட் யார் எடுக்கறதுன்னு ஒரு சண்டைகூட முடிஞ்சுபோச்சு."

அம்மா சிரிக்கவில்லை. "உட்காருங்க, குடிக்க ஏதாவது..." என்று சமையலறைப் பக்கம் நகர்ந்தாள். திரும்பி வந்தாள். வெறுங்கையோடு வந்திருந்தாள். "ஒண்ணுமில்ல, சும்மாதான் வரச் சொன்னேன்" என்றாள்.

சொல்லும்மா என்று பெரியவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கும் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. சோபாவில் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, காத்திருந்தாள்.

அம்மா நாற்காலியை இழுத்து அவர்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் போனைப் பண்ணது நான்தான்" என்றாள்.

நாள் முழுக்கப் பெரியவளுக்கு ஒரு பயம் இருந்தது. தெரிந்த விஷயத்தைத் தெரியாதவள்போலக் கேட்க வேண்டுமே, முகம் காட்டிக்கொடுத்துவிடுமே என்று. அந்தப் பயத்துக்கு வேலையே இருக்கவில்லை. காலையில் கேட்டது வெறும் குரல். சொல்லும்போது அம்மாவின் உதடு கோணிக்கொள்வதை, வயதான கழுத்தில் நரம்பு துடிப்பதை, சின்னவளைப் பார்க்க முயன்று முயன்று கண் தரைக்குப் போய்விடுவதை அவள் இப்போதுதான் பார்த்தாள். நெஞ்சு புதிதாகவே வலித்தது.

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். தனியாகிவிடுவோம் என்ற பயம். பிறகு வாயடைத்துப்போனது. புதன்கிழமைதோறும் சின்னவள் வீட்டுப் படியேறும்போது கால் பின்னியது.

"மன்னிப்பியாடி?" என்றாள் கடைசியில், பெரியவளைப் பார்த்து.

பெரியவள் பதில் சொன்னாள். யோசித்து வைத்திருந்த பதிலாக அது இல்லை.

"மூணு மணிக்கு நான் இவகிட்ட மன்னிப்புக் கேட்டேம்மா. இவ இன்னும் பதில் சொல்லல. ஆனா கடையைப் பூட்டிட்டு என்கூட வந்தா. எனக்கும் அப்படித்தான். பதில் சொல்ல நாளாகும். ஆனா நான் எங்கயும் போகல. கூடத்தான் இருப்பேன்."

அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சின்னவள் எழுந்துபோய் அவள் தோளில் கை வைத்தாள். நாற்காலி ஆடியது. நான்கு வருடமாகப் பூட்டிக்கிடந்த அழுகை மூன்று பேரிடமும் ஒரே நேரத்தில் உடைந்தது. யாரும் யாரையும் அடக்கப் போகவில்லை.

முதலில் அழுகையை நிறுத்தியது அம்மாதான்.

"அவசரப்பட்டு என்னைச் சேர்த்துக்காதீங்க" என்றாள். "இது பாதிதான். இன்னைக்குச் சாமிகிட்ட இன்னொண்ணும் சொன்னேன். அதையும் உங்ககிட்டச் சொல்லிடறேன்னு அவர்கிட்ட வாக்குக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

எதிர்ச் சுவரைப் பார்த்துக் காதைப் பொத்திக்கொண்டு நின்ற அந்த நிமிடங்களைப் பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

அம்மா எழுந்து பீரோவைத் திறந்தாள். பழைய போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அடித்தட்டில் கைவிட்டு, பிரிக்காத ஒரு கடிதத்தை எடுத்தாள். உறையின்மேல் இருந்த கையெழுத்தை அத்தனை தூரத்திலிருந்தும் பெரியவளால் அடையாளம் காண முடிந்தது. கல்யாணம் நிச்சயமான காலத்தில், வாரம் ஒருமுறை தபால்காரர் கொண்டுவந்த மாப்பிள்ளையின் கையெழுத்து.

"சம்பந்தம் முறிஞ்சு மூணாவது வாரம் வந்துச்சு" என்றாள் அம்மா.

சின்னவளின் விரல்கள் அக்காவின் மணிக்கட்டை இறுகப் பற்றின.

"அக்கா" என்றாள் மெல்லிய குரலில். "இது எனக்கே தெரியாது."